யார் தோளுக்கு இந்தத் துப்பாக்கி

"இடது கையாலயா சுடப்போற?"

"ஏன், கொயோட்டி நரி வலது கைக்காரங்க குண்டுக்கு மட்டும்தான் விழுமா?"

"வாயைப் பாரு! சரி, உள்ள என்ன போட்டிருக்க? கூர் முனையா, மொட்டை முனையா?"

"மொட்டைதான். எங்கப்பா பொறி வெச்சு நரி பிடிக்கறவர். லீவர் துப்பாக்கிக் குழாய்ல கூர் முனை போடற வீட்டுல நான் பொறக்கல."

"நல்ல வீடுதான். தெரியாதவங்களுக்குச் சொல்லித்தான ஆகணும்? குழலுக்கு அடியில இருக்கற குழாய்க்குள்ள தோட்டா ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்குது. பின்னாடி இருக்கறதோட கூர் முனை முன்னாடி இருக்கறதோட மருந்துப் பொட்டுல இடிச்சாப் போதும், கையிலயே வெடிச்சிரும். எங்க பக்கத்துல ஒருத்தன் இப்படித்தான்..."

"நான் சுடட்டுமா, இல்ல நீ பிரசங்கத்தை முடிக்கற வரைக்கும் நிக்கணுமா?"

மாவட்டச் சந்தையின் சுடுகளத்தில் எல்டனும் நானும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். நான் சுட்டேன். அவன் பேச்சு நின்றது. அடுத்த கோடையில் எங்களுக்குக் கல்யாணம்.

அதற்கடுத்த வசந்தத்தில் பண்ணை வேலைகள் தாமாகவே பிரிந்துகொண்டன. ஆடுகள் குட்டி போடும் கொட்டகை எனக்கு. வடக்கே இருக்கும் மேடு அவனுக்கு. கொயோட்டிகள் அந்த மேட்டுக்கு மேலிருந்துதான் வரும். விடிகிற நேரத்தில் சேஜ் புதர்களுக்கு நடுவே நின்று, இன்றைக்கு எந்தக் குட்டி தாயைவிட்டுத் தள்ளிப் படுத்திருக்கிறது என்று கணக்குப் போடும். எல்டன் தன் முப்பது-முப்பது துப்பாக்கியுடன் சரிவில் ஊர்ந்து ஏறுவான். ஒரு வெடிச் சத்தம் கேட்கும். இரண்டாவது சத்தம் கேட்ட நாட்கள் அபூர்வம்.

பௌடர் நதியின் இந்தக் கரையில் அவனைப் போலச் சுடுகிறவன் இல்லை என்று எல்லாருமே சொல்வார்கள். ஞாயிறு தேவாலயம் முடிந்து காப்பி குடிக்கும்போது யாராவது அவனுடைய ஒரு சூட்டைப் பற்றி ஆரம்பித்தால், அந்த மேசையில் காலியாகாத கோப்பைகளுக்கெல்லாம் நான் காப்பி ஊற்றிக்கொண்டே நிற்பேன், கதை முடியும்வரை. என் புருஷன் என்ற பெருமை. அதில் கொஞ்சமும் குறை வைத்ததில்லை.

ஆனால் அந்தப் பெருமைக்குள் ஓர் ஆசையும் இருந்தது. ஏப்ரல் மாதக் காலைகளில், தாய் ஆட்டின் வயிற்றுக்குள் திரும்பிக் கிடக்கும் குட்டியை நேராக்க முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு கொட்டகையில் முட்டிபோட்டிருக்கும்போது மேட்டிலிருந்து சத்தம் வரும். என் இடது கை ஆள்காட்டி விரல் தானாக மடங்கும். இந்த மேட்டை எனக்குக் கொடு என்று அவனிடம் கேட்க வேண்டும். ஒரு வசந்தமாவது. கேட்டதில்லை. அவன் குறி தவறாமல் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில் கேட்டிருந்தால் அது பேராசை. அவனுக்குக் குறி தவற ஆரம்பித்த பிறகு கேட்டால் அது கொடுமை. இரண்டுக்கும் நடுவே கேட்பதற்கு ஒரு நாள் வாய்க்கவே இல்லை.

ஆமாம், தவற ஆரம்பித்தது. கை நடுக்கம். உயிருக்கு ஆபத்தில்லாத நடுக்கம், குடும்பத்தில் வருவது, போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் கோப்பையில் நான் பாதிதான் காப்பி ஊற்றுகிறேன். ஏன் பாதி என்று அவன் கேட்டதில்லை. இரண்டு தடவை எழுந்துபோய் ஊற்றிக்கொள்வான்.

இந்த ஏப்ரலில் மேட்டிலிருந்து ஒரு காலையில் நான்கு, ஐந்து சத்தங்கள் வந்தன. அதற்குப் பிறகும் அடிவாரத்தில் கிழிந்த குட்டிகள் கிடந்தன. தாய் ஆடு அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்து கூப்பிடும். மடி கனத்துத் தொங்கும். அதைக் கொட்டகைக்கு ஓட்டிவந்து, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் செத்த குட்டியின் தோலைப் போர்த்தி அதனிடம் விடுவேன். மோந்து பார்த்து ஏற்றுக்கொண்டால் நல்லது. இந்த வருஷம் தோல்கள் நிறைய, தாயில்லாக் குட்டிகள் குறைவு.

"துப்பாக்கிதான் சரியில்ல" என்றான் எல்டன்.

நான் அடுத்த தோலை உரிக்க உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை அவனுடைய பிக்கப் வண்டியில் மேட்டுக்கு வேலிக்கம்பி கொண்டுபோகப் புறப்பட்டேன். இருக்கைக்குப் பின்னால் முப்பது-முப்பது சாத்தியிருந்தது. மேட்டுப் பாதை முழுக்கக் குழி. தோட்டாவை வெளியே எடுத்து வைக்கலாமே என்று விசைக்கு அடியில் இருக்கும் லீவர் கைப்பிடியை இழுத்தேன். முதல் தோட்டா இருக்கையில் விழுந்தது. அதன் முனை என் மடியைப் பார்த்து ஊசிபோல நின்றது. மறுபடி இழுத்தேன். அதுவும் ஊசி. ஐந்தும் ஊசி.

இந்த ஐந்தையும் குழாயில் வரிசையாக நிறுத்தி, ஒன்றின் பொட்டில் இன்னொன்றின் கூரை வைத்து, தினமும் காலையில் அந்தக் குழிகளில் வண்டியைக் குலுக்கிக்கொண்டு போய்வந்திருக்கிறான். ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவன்.

அவன் கொட்டகைப் பக்கமிருந்து வந்தான். இருக்கையில் கிடந்ததைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"நீ வீட்டுக்கு முழுசா வரணும்னா எடுக்கத்தான வேணும்? உனக்கு என்ன பைத்தியமா, எல்டன்?"

வண்டியின் பின்பலகையைத் திறந்து அதில் உட்கார்ந்தான். "மொட்டை முனை மேட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு முழம் கீழ இறங்கிருது, ரோ. கூர் முனை காத்தைக் கிழிச்சுட்டு நேராப் போகும்னு நெனச்சேன்."

"போச்சா?"

கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். விளிம்பு நடுங்கியது. "இல்ல" என்றான்.

திட்டுவதற்காக வாய் நிறைய வைத்திருந்ததை விழுங்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளோடு தோள் பட்டது. "சனிக்கிழமை மெர்வின் கடைக்குப் போறோம். தூரத்துக்கு நேராப் போறதா ஒண்ணு வாங்கறோம்."

"லீவர்தான் வேணும். போல்ட் துப்பாக்கிக்கு வலது பக்கம் கைப்பிடி நீட்டிக்கிட்டிருக்கும், குதிரைச் சேணத்துல குத்தும்."

"லீவர்தான்" என்றேன். லீவருக்கு வலமும் இடமும் ஒன்றுதான் என்பதை நான் சொல்லவில்லை.

மெர்வின் என் தம்பி. ஊரில் அவன் கடையில் ஆணி, வாளி, கோழித்தீவனம் எல்லாம் முன்பக்கம். துப்பாக்கிகள் பின்பக்கம். இரண்டுக்கும் நடுவே அவன் மனைவி சுட்டு அனுப்பும் பட்டை ரோல் தட்டு, இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி. நாங்கள் போனபோது அவன் வாயில் ஒன்று, கையில் ஒன்று.

"வாங்க மச்சான்! என்ன, கொயோட்டிங்க எல்லாம் உங்க மேட்டுல வீடு கட்டிக் குடிவந்துட்டதாக் கேள்வி?"

"உன் வாயில ரோல் இருக்கறப்பவே இப்படின்னா, இல்லாதப்ப எப்படிடா உன் பொண்டாட்டி தாங்கறா?" என்றான் எல்டன்.

"அதுக்குத்தான் அவ சுட்டுக்கிட்டே இருக்கா. சொல்லுங்க, என்ன வேணும்?"

"லீவர். இருநூத்தம்பது கஜத்துல கொயோட்டி."

மெர்வின் விரல்களை நக்கித் துடைத்துக்கொண்டான். துப்பாக்கி விஷயம் என்றால் அவன் முகமே மாறிவிடும். சின்ன வயதில் அப்பா முன்னால் ஞாயிறு வசனம் ஒப்பிக்கும்போது இருந்த முகம்.

"இருபத்திரண்டு மேக்னம் இருக்கு. சத்தம் கம்மி, தோட்டா மலிவு. ஆனா அது தரை அணிலுக்கு. நூறு கஜம் தாண்டினா கொயோட்டி காயத்தோட ஓடிப் பள்ளத்துல போய்க் கெடந்து சாகும். பாவம்."

"வேண்டாம்" என்றோம் நானும் எல்டனும் ஒரே நேரத்தில்.

"உங்க பழைய முப்பது-முப்பதுலயே ரப்பர் முனைத் தோட்டா போட்டுப் பாக்கறதுதான? குழாய்லயும் ஆபத்தில்ல, கொஞ்சம் தூரமும் போகுமே. என்கிட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனே, மச்சான்."

எல்டன் என்னைப் பார்த்தான். நான் பட்டை ரோல் ஒன்றை எடுத்து, ரொம்பக் கவனமாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை நடந்தது எங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

"அதுவும் பாதி தூரம்தான்" என்றான் எல்டன்.

"சரிதான். அப்ப ரெண்டுதான் மிச்சம். ரெண்டுலயும் தோட்டா அடியில பெட்டிக்குள்ள அடுக்கா உக்காரும், கூர் முனைக்குப் பயமே இல்ல." மெர்வின் இரண்டு துப்பாக்கிகளைக் கீழே இறக்கினான். "இது இருநூத்தி இருபத்திமூணு. உதையே கெடையாது, நேராப் போகும். குண்டுதான் கொஞ்சம் லேசு. இது இருநூத்தி நாப்பத்திமூணு. குண்டு கனம், உதை கொஞ்சம் உண்டு. மான்கூட அடிக்கலாம்."

"இருபத்திமூணு சின்னப் பசங்க வெச்சு விளையாடறது" என்றான் எல்டன்.

"சின்னப் பசங்க நிறைய கொயோட்டி அடிக்கறாங்க, மச்சான்."

"தோலு கிழியாம இருக்கணும்னா அதுதான நல்லது?" என்றேன்.

"ஏப்ரல்ல தோலை எவன்க்கா வாங்கறான்? முடி கொட்டிப் பழைய துடைப்பம் மாதிரி இருக்கும். உனக்குக் குட்டி பொழைக்கணும், அவ்வளவுதான? வாங்க, சுட்டுப் பாத்துரலாம்."

சுடாமல் ஒரு துப்பாக்கியும் மெர்வின் கடையைவிட்டுப் போகாது. வாங்குகிறவன் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. கடைக்குப் பின்னால் பழைய சரளைக் குழி. அதன் தூரத்துக் கரையில் கொயோட்டி நெஞ்சளவு இரும்புத் தகடு ஒன்றைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறான். பட்டால் கணீர் என்கும். அந்தக் கணீரைக் கேட்ட பிறகுதான் விலையே சொல்வான்.

பிக்கப்பின் முன்மூடியில் மணல் பை போட்டு, எல்டன் சிறியதை எடுத்துக் குனிந்தான். சுட்டான். தகட்டுக்கு வலது பக்கம் மண் பறந்தது. இன்னொன்று. தகட்டுக்கு மேலே மண்.

"காத்து" என்றான் மெர்வின்.

எல்டன் பெரியதை எடுத்தான். குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண்ணை வைத்தவன் நீண்ட நேரம் அப்படியே இருந்தான். அவன் பின்னால் நின்ற எனக்குக் குழலின் நுனி தெரிந்தது. அது மணல் பைக்கு மேலே காற்றில் புல் ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. ஸ்கோப் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். தகட்டை மட்டுமல்ல.

சுட்டான். மண். மறுபடி சுட்டான். மண்.

நிமிர்ந்தபோது அவன் கழுத்து சிவந்திருந்தது. "ஸ்கோப் கோணலா மாட்டியிருக்க, மெர்வின்."

"நான் மாட்டினதா கோணல்? நேத்து நானே—"

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் பாதி ரோலை வாய்க்குள் தள்ளிக்கொண்டான்.

"சரி, பாத்துரலாம்" என்று எல்டன் துப்பாக்கியை என் பக்கம் நீட்டினான். "ரோ, நீ ஒண்ணு சுடு. நீயும் தவறினா ஸ்கோப்தான் கோணல். அதுக்கு மேல இவன் என்ன பேசறான்னு பாக்கறேன்."

வாங்கிக்கொண்டேன். எத்தனை வருஷம் கழித்து என் இடது தோளில் ஒரு துப்பாக்கி! குனிந்து கண்ணை வைத்தேன். குறுக்குக் கோடுகள் தகட்டின் நடுவில் வந்து உட்கார்ந்தன, அசையவே இல்லை. என் கை அவ்வளவு அமைதியாக இருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு நகக்கண் அளவு வலது பக்கம் நகர்த்தினால் போதும். மண் பறக்கும். மெர்வின் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டுவதுபோலப் பாவனை செய்வான். எல்டன் தலை நிமிர்ந்து இந்தத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோவான். ராத்திரி சாப்பாட்டில் சிரிப்போம். திங்கட்கிழமை காலையில் மேட்டிலிருந்து மறுபடி நான்கு, ஐந்து சத்தம் வரும். நான் குட்டித் தோலை உரித்துக்கொண்டிருப்பேன்.

அதுமட்டுமில்லை. அவன் என்னிடம் உண்மையைக் கேட்டு ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறான். அதில் பொய் சுட எனக்கு வரவில்லை.

விசையை அழுத்தினேன். தோளில் உதை. கணீர்.

இடது கையால் லீவரைத் தள்ளி இழுத்தேன். அந்தச் சத்தம், எண்ணெய் போட்ட கதவுபோல, உடம்பெல்லாம் பரவியது. மறுபடி கணீர்.

தகடு சங்கிலியில் சுற்றிச் சுற்றி நின்றது. நான் எல்டன் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு ஸ்கோப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமலேயே இருந்தேன்.

"கேட்டியாடா?" என்றான் எல்டன். "கேட்டியா, மெர்வின்? ஸ்கோப்பாம் கோணலாம்! எந்தப் பய சொன்னான்?"

"நீங்கதான் மச்சான் சொன்னீங்க."

"சொன்னா என்ன? என் பொண்டாட்டிடா! சந்தையில மொத நாளு பாத்ததும் தெரிஞ்சுது எனக்கு. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுது. உனக்குத்தான் ரோலைத் தவிர ஒண்ணும் தெரியாது."

சொல்லிக்கொண்டே வண்டிக்குள்ளிருந்து பைனாகுலரை எடுத்துவந்தான். இரண்டு முழங்கைகளையும் முன்மூடியில் அழுத்தி ஊன்றி, என் பக்கத்தில் சாய்ந்தான். அவன் கண்கள் பருந்துக் கண்கள். அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை.

"இப்ப சின்னதை எடு. காத்து எழும்பட்டும். பொறு... பொறு... குழி நடுவுல புல்லு வலப்பக்கம் சாயுது பாரு. அரைச் சாண் இடது தள்ளிப் பிடி. சுடு."

சுட்டேன். கணீர் வரவில்லை.

"வலது ஓரத்துல போச்சு. நாலு விரக்கடை. குண்டு லேசு, காத்து தூக்கிட்டுப் போகுது. எங்க மேட்டுல இதைவிட மோசமா அடிக்கும். பெரிசை எடு. அதே காத்து. அதே அரைச் சாண்."

கணீர்.

"இன்னொண்ணு. காத்து நின்னுருச்சு, நேராப் பிடி."

கணீர்.

"பாத்தியா? கனக் குண்டு காத்துக்குப் பணியாது." அவன் என் முதுகில் ஓங்கித் தட்டினான். அவன் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் அவனே அதைக் கவனிக்கவில்லை. சந்தையில் என்னைப் பார்த்து வாயை மூடிய அந்தப் பையனின் சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. என் கழுத்துவரை சூடு ஏறியது, இத்தனை வயசுக்குப் பிறகும்.

"அப்ப இருநூத்தி நாப்பத்திமூணு" என்றான் மெர்வின்.

"நாப்பத்திமூணுதான். அதுல பேச்சே இல்ல" என்றான் எல்டன்.

கடைக்குள் திரும்பினோம். மெர்வின் துப்பாக்கியை மேசையில் படுக்க வைத்து, இழுப்பறையிலிருந்து தையற்காரர் டேப்பை எடுத்தான். தோளில் பதியும் மரக்கட்டையை, வாங்குகிறவர் கைக்கு அறுத்து இழைத்துத்தான் கொடுப்பான். முழங்கை மடிப்பிலிருந்து விசை விரல் வரைக்கும் ஓர் அளவு. கன்னம் சாயும் பக்கம் எதுவோ அந்தப் பக்கம் ஒரு செதுக்கல். ஒருமுறை அறுத்துவிட்டால் அந்தத் துப்பாக்கி அந்த ஆளுடையது. இன்னொருவர் தோளில் அது சரியாக உட்காராது.

"புதன்கிழமை வந்து எடுத்துக்கலாம்" என்றான் மெர்வின். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், யாரையும் பார்க்காமல், நின்றான். என் தம்பி வாயாடிதான், முட்டாள் இல்லை. "கட்டையை யாரு கைக்கு வெட்டட்டும்?"

எல்டன் பழக்கத்தில் வலது கைச் சட்டையை மடிக்க ஆரம்பித்திருந்தான். முதல் மடிப்பு வந்தது. இரண்டாவது மடிப்பில் விரல்கள் துணியைப் பிடிக்காமல் நழுவின. மறுபடி பிடித்தான். மறுபடி நழுவியது. அவன் அவசரப்படவில்லை. தலையைக் குனிந்து, ஒரு சின்ன வேலையைப் பொறுமையாகச் செய்து முடிக்கிறவன்போல, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்றுமுன் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

நான் அவன் கைமேல் என் கையை வைத்தேன். சட்டை மடிப்பு அப்படியே நின்றது.

"எல்டன்" என்றேன். "காத்தை உன்னை மாதிரி யாரும் படிக்க முடியாது. கொயோட்டி காதை அசைக்கறதுக்கு முன்னாடியே நீ பாத்துருவ. நீ என் பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்லு. துப்பாக்கி என் தோள்ல இருக்கட்டும். மேட்டை எனக்குக் குடு."